மஞ்சள் கொக்கு, பச்சைச் சேலை

“ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம்க்கா. இன்னிக்குச் சாயந்தரம் அது நிக்கப் போவுது.”

அடுத்தது அழுகைதான் என்று நஜ்முதீன் டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். கண்மணி ஒன்றை உருவி, மேசையில் சிந்தியிருந்த தே தாரிக் தேநீரைத் துடைத்தாள். அழுகிறவர்களையே பார்த்துப் பழகிய நஜ்முதீனுக்கு இந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப் போய்விட்டது.

கோல சிலாங்கூர் பழைய பசார் கடை வரிசையில், கைருதீன் உணவகத்தின் மாடியில் இருந்தது கலாவதியின் துப்பறியும் அலுவலகம். கலாவதி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருஷம் மோதிய வண்டிகளைப் படமெடுத்துப் பொய்களைக் கண்டுபிடித்தவள். அந்த வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது, கைருதீன் மாடியைச் சல்லிசாகக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: தன் மச்சான் நஜ்முதீனை உதவியாளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவன் பரிமாற வந்தால் வாடிக்கையாளர்கள் சாப்பாட்டை மறந்து சிரிக்கிறார்கள், மேசை காலியாவதே இல்லை என்பது கைருதீனின் வெகுநாள் வேதனை.

“நிறுத்தப் போறது யாரு? மாப்பிள்ளையா?” என்று கேட்டாள் கலாவதி.

“எங்கப்பா.”

கண்மணி தன் கைப்பேசியை மேசையில் வைத்தாள். திரையில் சுங்கை பஞ்சாங் நெல்வயல். வயல் முழுக்கப் பொன்னை உருக்கி ஊற்றியது போன்ற வெளிச்சம். வரப்பில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கு ஒன்றுதான் தெளிவாக இருந்தது. அதற்கு அப்பால், சற்று மங்கலாக, முழங்கால் வரை நெல் மறைக்க, ஓர் ஆணும் பெண்ணும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெண் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கையில் பிடித்திருந்த குடை அவள் தலையையும் தோளையும் மறைத்துவிட்டது. ஆண் போட்டிருந்தது பந்து விளையாடும் ஜெர்சி. முதுகில் பெரிய எழுத்தில் தீபன் என்று அச்சடித்து, அடியில் பத்து என்று நம்பர்.

“திருட்டுத்தனமா ஒருத்தியைப் பாக்கப் போறவன் முதுகுல பேரு போட்டுக்கிட்டா போவான்?” என்றான் நஜ்முதீன். “ஐசி கார்டு நம்பரையும் சேத்துப் போட்டிருந்தா நமக்கு இன்னும் சுலபம்லா.”

“நஜ்மு.”

“சரிக்கா, வாயை மூடிக்கிறேன்.”

கண்மணி சொன்ன விவரம் இதுதான். தீபன் சுங்கை பஞ்சாங்கில் நெல் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். போன சனிக்கிழமை சாயந்தரம் முழுக்க வேலை என்று அவளிடம் சொன்னான். நேற்று அவள் அப்பா முருகையாவின் கைப்பேசிக்கு யாரோ இந்தப் படத்தை அனுப்பிவைத்தார்கள். கீழே ‘சுங்கை பஞ்சாங், சனிக்கிழமை அந்தி’ என்று ஒரு வரி. அப்பா மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி விசாரித்தார்.

“அவரு என்ன சொன்னாரு?”

“படத்தைப் பாத்ததும் மூஞ்சி செத்துப் போச்சுக்கா. ‘தப்பா ஒண்ணும் இல்ல மாமா, கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்’னாரு.”

நஜ்முதீன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “அலாமாக்! இதுக்கு அவன் ஆமான்னு ஒத்துக்கிட்டிருக்கலாம்.”

“எங்கப்பா செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறவரு. ஒரு தடவை கியர் போட்டுட்டா ரிவர்ஸ் எடுக்க மாட்டாரு. இன்னிக்குச் சாயந்தரம் நிச்சயத் தட்டைத் திருப்பிக் குடுக்கப் போறாரு.”

“அம்மா என்ன சொல்றாங்க?”

“அவங்களுக்கு அப்பாவைவிடக் கோவம். ‘இந்தப் பையனையா நான் நம்பினேன், இவனையா நம்பினேன்’னு ஒரே பொலம்பல். ஆனா அவங்க படத்தைப் பாக்கல. பொம்பளைங்க பாக்கிற படம் இல்லன்னுட்டாரு அப்பா. அவரு குளிக்கப் போனப்போ நான் எடுத்து எனக்கு அனுப்பிக்கிட்டேன்.” கண்மணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தீபன் ஏமாத்துற ஆளுன்னு நான் நெனைக்கலக்கா. ஆனா அந்தப் பச்சைச் சேலை யாருன்னு தெரியாம என்னால கழுத்தை நீட்ட முடியாது.”

கலாவதி படத்தைப் பெரிதாக்கினாள். பச்சைச் சேலையை அவள் சீண்டவே இல்லை. கொக்கைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நஜ்மு, கொக்கு என்ன நிறம்?”

“வெள்ளை. இதைக் கேக்கவா உங்களை மாதிரி ஒரு மூளை?”

“இந்தக் கொக்கு?”

நஜ்முதீன் குனிந்து பார்த்தான். “மஞ்சள். சாயந்தர வெயில்ல நிக்குதில்ல, அதான்.”

“சாயந்தர வெயில் பக்கவாட்டுல வரும். வெயில் படுற பக்கம் பொன்னா இருக்கும். படாத பக்கம் லேசா நீலம் பூத்திருக்கும். இந்தக் கொக்குக்கு முன்னாடி, பின்னாடி, ரெக்கைக்கு அடியில, எல்லாம் ஒரே மஞ்சள்.” அவள் விரல் குடைக்கு நகர்ந்தது. “அப்புறம் இது. அந்தி வெயிலுக்கு யாரு குடை பிடிப்பா? உச்சி வெயில் மண்டையைப் பொளக்கும்போதுதான் பிடிப்பாங்க.”

“அப்ப இது மத்தியானம் எடுத்ததா?” என்றாள் கண்மணி. “பின்ன எப்படி இவ்வளவு மஞ்சள்?”

“நம்ம கண்ணு வெயில்ல பாத்தாலும் நிழல்ல பாத்தாலும் வெள்ளைத் தாளை வெள்ளைன்னுதான் சொல்லும். கேமராவுக்கு அந்த அறிவு பத்தாது. இதுதான் வெள்ளைன்னு நாம ஒண்ணைக் காட்டிக் குடுக்கணும். ஒயிட் பேலன்ஸ்னு சொல்லுவாங்க. தப்பானதைக் காட்டிட்டா எல்லா நிறமும் தடம் புரண்டு போவும். இன்சூரன்ஸ் வேலையில ஒரு சிவப்புக் கார் படத்துல ஆரஞ்சா விழுந்து, ‘இது என் காரே இல்ல’ன்னு ஒருத்தன் சண்டைக்கு வந்திருக்கான்.” திடீரென்று அவள் நஜ்முதீன் பக்கம் திரும்பினாள். “உன் பாஸ்போர்ட் படத்தை எடு.”

“அது எதுக்குக்கா?”

“எடு.”

நஜ்முதீன் தயங்கித் தயங்கிப் பணப்பையிலிருந்து எடுத்தான். போன வாரம் எடுத்த படம். அதைப் பார்த்த அவன் மனைவி ஜஸ்மின், உடனே கிளினிக்குக்குப் போய் ரத்தம் சோதித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டாள். அவ்வளவு மஞ்சள். கலாவதி அதைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கண்மணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்யாணம் நிற்கப் போகிற பெண் சிரிக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“கொக்கும் நீயும் ஒரே மஞ்சள்,” என்றாள் கலாவதி. “யாரு எடுத்தது?”

“வரிசைக் கடைசியில மகேந்திரன் ஸ்டூடியோ.”

“நட.”

மகேந்திரன் ஸ்டூடியோவின் கண்ணாடிக்குப் பின்னால் அதே படம் சட்டம் போட்டு நின்றது. கீழே தங்க எழுத்தில் ‘அந்தி’. பக்கத்தில் வரிசையாகப் பாஸ்போர்ட் படங்கள். கோல சிலாங்கூரில் பாதிப் பேருக்குக் காமாலை கண்டிருந்தது.

“நல்லவேளை, எனக்கு மட்டும் இல்ல,” என்றான் நஜ்முதீன். “ஊரே சேந்து கிளினிக்குக்குப் போகலாம்.”

மகேந்திரன் தோளில் துண்டும் முகத்தில் பெருமையுமாக எழுந்து வந்தார். கலாவதியின் பார்வை போன இடத்தைப் பார்த்ததுமே குரலில் வெல்லம் கலந்தது. “படம் எப்படி மேடம்? பேஸ்புக்ல போட்ட அன்னிக்கே தீயாப் பரவிடுச்சு. அந்திக் காட்சிப் போட்டி ஒண்ணு நடக்குது, அதுக்கும் அனுப்பிட்டேன்.”

“எப்ப எடுத்தீங்க?”

“அதான் எழுதியிருக்கே. அந்தியில.”

“உறுதியா?”

“உறுதிதான்.” சொல்லும்போது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலாவதி வற்புறுத்தவில்லை. “எங்க நஜ்முவுக்கு இன்னொரு படம் வேணும். முன்ன எடுத்தது அவன் வீட்டுக்காரிக்குப் பிடிக்கல.”

“அதுக்கென்ன, எடுத்துடலாம். உள்ள லைட் ரிப்பேரா கெடக்கு, பின்வாசல்ல நில்லுங்க தம்பி. வெளி வெளிச்சத்துக்கு ஈடே கெடையாது.”

பின்வாசல் சந்தில், ஈரத் துணிகள் தொங்கிய கொடிக்கும் பக்கத்துக் கடையின் முட்டைக் கூடைகளுக்கும் நடுவில் நஜ்முதீன் விறைத்து நின்றான். மகேந்திரன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். “இதை நெஞ்சுக்கு நேரா விரிச்சுப் பிடிங்க. கேமராவுக்கு வெள்ளையைக் காட்டணும்.” முதலில் துண்டை ஒரு படம், பிறகு துண்டை வாங்கிக்கொண்டு அவனை ஒரு படம். கேமராவின் பின்திரையில் நஜ்முதீன் மறுபடியும் மாம்பழமாகப் பழுத்திருந்தான்.

கலாவதி அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “அண்ணே, இது என்ன நிறம்?”

“வெள்ளை.”

“என் சட்டைக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க,” என்றான் நஜ்முதீன்.

அவன் வெள்ளைச் சட்டையோடு சேர்த்ததும் துண்டு தன் குணத்தைக் காட்டியது. நல்ல நீலம்.

“துவைச்சது யாரு?”

மகேந்திரன் தலையைச் சொறிந்தார். “வீட்டுக்காரி ஈப்போவுல இருக்கா மேடம், தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு. நானேதான் துவைச்சேன். சொட்டு நீலம் விடுறப்போ பாட்டில் மூடி கழண்டு உள்ள விழுந்துடுச்சு. அலசினா போயிடும்னு பாத்தேன்.”

“நீலத்தைக் காட்டி இதுதான் வெள்ளைன்னு சொன்னா, கேமரா அந்த நீலத்தை அடிச்சுப்போட எல்லாத்து மேலயும் மஞ்சளை அள்ளிப் பூசும். நம்பிக்கையான மிருகம் அது, சொன்னதைச் செய்யும்.” கலாவதி கைப்பையிலிருந்து சாம்பல் நிற அட்டை ஒன்றை எடுத்தாள், பழைய உத்தியோகத்தின் மிச்சம். “இப்ப இதைக் காட்டி எடுங்க.”

அட்டையைக் காட்டினார். கேமரா தயாரானது. அதற்குள் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து வெயிலை மூடிக்கொண்டது.

“மறுபடி காட்டுங்க,” என்றாள் கலாவதி.

“அதே அட்டைதானே மேடம்?”

“அட்டை அதேதான். வெளிச்சம் மாறிப்போச்சே. வெயிலுக்குச் சொன்ன வெள்ளை மேகத்துக்குச் சரிவராது. மாறுற போதெல்லாம் சொல்லணும்.”

“நான் காலையில ஒரு தடவை காட்டிட்டு நாள் பூரா அதுலயே ஓட்டிடுவேன்,” என்றார் மகேந்திரன், சற்று வெட்கத்தோடு.

இரண்டாம் முறை அட்டையைக் காட்டி எடுத்த படத்தில் நஜ்முதீன் இருந்தான். கன்னம் கன்னத்தின் நிறத்தில், பல் பல்லின் நிறத்தில். “அக்கா, என் மூஞ்சி எனக்கே திரும்பக் கெடைச்சுடுச்சு,” என்றான். “மச்சான் சொன்ன அளவுக்கு மோசமில்ல.”

பிறகு எல்லோரும் கடைக்குள் கணினி முன் உட்கார்ந்தார்கள். கலாவதி கேட்டபடி மகேந்திரன் சனிக்கிழமை எடுத்த மூலப் படத்தைத் திறந்தார். நிறம் திருத்தும் குறியைக் கொக்கின் இறக்கையில் வைத்து, இதுதான் வெள்ளை என்று அழுத்தினார். ஒரு நொடியில் பொன் வழிந்தோடிவிட்டது. வயல் பளீரென்று பச்சையாகி, வானம் வெளிறி, கொக்கு குளித்து வந்ததுபோல வெளுத்தது. சுட்டெரிக்கும் மத்தியானம்.

அந்திக்குப் பிறந்த கவிஞர் தலையைத் தொங்கப் போட்டார். “அந்தின்னு நான் சொல்லல மேடம். படம் போட்டதும் முதல் ஆளு ‘ஆகா, என்ன ஒரு அந்தி’ன்னு எழுதினான். அப்புறம் இருநூறு பேரு. இல்லப்பா, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்ததுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நானே கீழ அந்தின்னு எழுதிட்டேன். காலையில மேகமா இருந்தப்போ துண்டைக் காட்டினதுதான், அப்புறம் வெயில் வந்தும் மாத்தல.”

“கொக்குக்குப் பின்னாடி நிக்கிறது யாரு?”

“அட, ஆளுங்க நிக்கிறாங்களா? நான் வாய்க்கால் மேட்டுல படுத்துக்கிட்டு கொக்கைத்தான் பாத்தேன். புல்லு மறைச்சுது. யாரோ ஒரு பையன் குரல் மட்டும் காத்துல கேட்டுச்சு. ‘மெதுவா விடுங்க, மெதுவா விடுங்க’ன்னு.”

“எதை விடணுமாம்?” என்றான் நஜ்முதீன். “கையையா?”

கலாவதியின் கண் மின்னியது. “‘விடு’ன்னு சொன்னானா, ‘விடுங்க’ன்னு சொன்னானா?”

“‘விடுங்க’தான். நல்ல மரியாதையான பையன்.”

“கள்ளக் காதலிக்கு யாருடா இவ்வளவு மரியாதை குடுப்பா?” என்றாள் அவள் நஜ்முதீனிடம். திருத்திய படத்தை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பும்போது மகேந்திரன் பெருமூச்சு விட்டார். “இன்னிக்கு எனக்கு நேரமே சரியில்ல மேடம். ஞாயித்துக்கிழமை ஈஜோக்குல ஒரு கல்யாணம் எடுக்க வேண்டியது. பொண்ணோட அப்பா இப்பத்தான் போன் பண்ணி வேண்டாம்னுட்டாரு.”

“அந்தக் கல்யாணத்தை நிறுத்தினது யாருன்னு தெரியுமாண்ணே?” என்றான் நஜ்முதீன். “உங்க தோள்ல தொங்குது பாருங்க.”

வெளியே வந்ததும் கலாவதி கண்மணியைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ கேட்டாள். சரியாக அந்த நேரத்தில் ஒரு மீன் லோரி இரைந்துகொண்டு போனதால் கேள்வி நஜ்முதீன் காதில் விழவில்லை. கண்மணி “ஆமா, இருக்கு” என்று தலையாட்டியது மட்டும் தெரிந்தது.

“என்னக்கா கேட்டீங்க?”

“வண்டியை எடு. அப்பா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திக்கிட்டிருக்காரு. மண்டபம்தான் பாக்கி.”

ஈஜோக்கில் செம்பனைத் தோப்பை ஒட்டி இருந்தது முருகையாவின் வீடு. வாசலில் அவருடைய கார், பின் இருக்கையில் சிவப்புத் துணி போட்டு மூடிய நிச்சயத் தட்டு. ரம்புத்தான் மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தீபன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள் விடவில்லை, அவனாகப் போகவும் இல்லை. முருகையா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, “ஆமா, மண்டபம் வேண்டாம். ஆமா, ஞாயித்துக்கிழமைதான்” என்று கத்தி முடித்துவிட்டுத் திரும்பினார்.

“யாரும்மா நீங்க?”

“உங்க மக கூப்பிட்டு வந்திருக்கோம்யா. அந்தப் படத்தைப் பத்தி.”

“படத்தைப் பத்திப் பேச என்னம்மா இருக்கு? கண்ணு எனக்கும் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது. நிக்கிற ஒயிலைப் பாத்தாலே தெரியுது, குடும்பப் பொண்ணு இல்ல.”

உள்ளேயிருந்து அவர் மனைவி புஷ்பா புயலாக வந்தாள். வந்த வேகத்தில் மரத்தடியைப் பார்த்துத்தான் பாய்ந்தாள். “இன்னும் உக்காந்திருக்கானா? என் புள்ளையை ஏமாத்திட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே?”

தீபன் எழுந்து நின்று அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை. ‘நீங்களுமா அத்தை’ என்று கேட்கிற பார்வை. நஜ்முதீனுக்கு அவன் மேல் ஏனோ பாவமாக இருந்தது.

“அம்மா, நீங்க இன்னும் படத்தைப் பாக்கலியே?” என்றாள் கலாவதி.

“பொம்பளைங்க பாக்கிற படமா அது?” என்று முருகையா குறுக்கே வந்தார்.

“பொம்பளைங்கதான் பாக்கணும்யா.” கலாவதி அச்சடித்த படத்தை உறையிலிருந்து எடுத்துப் புஷ்பாவின் கையில் வைத்தாள்.

புஷ்பா பார்த்தாள். கொக்கைப் பார்த்தாள், ஜெர்சியைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். அவள் வாய் தானாகத் திறந்தது.

“அய்யோ, இது நான்லா!”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

“நீயா?” முருகையா படத்தைப் பிடுங்கினார். மனைவியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். “அது பச்சைச் சேலையில்ல?”

“நீலம்,” என்றாள் கலாவதி. “கேமரா தப்பா மஞ்சள் பூசுச்சு. நீலத்து மேல மஞ்சள் விழுந்தா பச்சையாத்தான் தெரியும். அந்தியும் இல்ல, மத்தியானம். வீட்ல அம்மாவுக்கு வானத்து நீலத்துல சேலை இருக்கான்னு உங்க மககிட்ட கேட்டேன், இருக்குன்னா.”

“தீபாவளிக்குக் கிள்ளான்ல நீங்களே எடுத்துக் குடுத்ததுங்க,” என்றாள் புஷ்பா, முந்தானைக்குள்ளிருந்து.

“ஐயா, நிறம் மாறினதுக்குக் கேமராவைக் குத்தம் சொல்லலாம்,” என்றான் நஜ்முதீன். “கட்டின பொண்டாட்டி முதுகு அடையாளம் தெரியாததுக்கு...” கலாவதி அவன் காலை மிதித்தாள். வாக்கியம் அங்கேயே உயிரை விட்டது.

புஷ்பா தீபனிடம் ஓடினாள். “ஏம்பா, வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்கதானே அத்தை சத்தியம் வாங்கினீங்க, மாமாகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு? படத்தைப் பாத்ததும் நீங்களே சொல்லிடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க என்னடான்னா எல்லாரையும்விட அதிகமா திட்டுறீங்க.”

“நான் எங்கப்பா படத்தைப் பாத்தேன்! பச்சைச் சேலை, அந்தி நேரம்னாங்க. நான் கட்டினது நீலம், போனது மத்தியானம். அப்ப என்னை வீட்ல விட்டுட்டு சாயந்தரம் நீ வேற எவளையோ கூட்டிக்கிட்டுப் போனேன்னுதான் நெனைச்சேன்!”

கண்மணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை அவளுக்கு உண்மையிலேயே கண்ணீர் வந்தது. சிரிப்பும் கூடவே வந்ததால் எதைத் துடைப்பது என்று தெரியவில்லை. தீபன் அவளிடம் போனான். யாரும் தடுக்கவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றார் முருகையா. “பத்திரிகை குடுக்கப் போறேன்னு சொல்லிட்டு சுங்கை பஞ்சாங் வயல்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தே?”

புஷ்பா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ஓட்டுநர் உரிமம். அவளுடைய படம், அவளுடைய பெயர்.

“பாஸ் பண்ணிட்டேன். ரோட்டுக்கு வரத்தான் பயம். அங்க நேர் ரோடு, ஆளு நடமாட்டம் இல்ல. கிளட்சை மெதுவா விடுங்க, மெதுவா விடுங்கன்னு பொறுமையா சொல்லிக் குடுத்தான் பையன். ரெண்டு தடவை வண்டி நின்னுபோச்சு. படபடப்பா இருந்துச்சு, எறங்கி வயலோரமா வந்து குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. ‘நீ ஓட்டினா செம்பனை மரமெல்லாம் ஓரமா ஒதுங்கணும்’னு சிரிச்சீங்க. லோரி யார்டுல போய் எல்லார்கிட்டயும் சொல்லி, அவங்களும் சிரிச்சாங்க.” புஷ்பாவின் குரல் உயரவில்லை. “இவ கல்யாணமாகி சுங்கை பஞ்சாங் போயிட்டா, பாக்கணும்னு தோணுறப்போ நான் உங்களைத்தான் கேக்கணும். நீங்க நாளைக்குன்னு சொல்வீங்க. மறுநாளும் நாளைக்கும்பீங்க. என் புள்ளையைப் பாக்க எனக்கு யாரோட ‘நாளைக்கு’வும் வேண்டாங்க.”

முருகையா லோரி ஓட்டிக் காய்த்துப்போன கையில் அந்த உரிமத்தை வைத்து அதிலிருந்த படத்தை உற்றுப் பார்த்தார். புஷ்பாதான் மெதுவாகக் கேட்டாள்: “எத்தனை வயசுன்னு சொன்னீங்க?”

“யாருக்கு?”

“படத்துல இருக்கிறவளுக்கு.”

“...இருபத்தஞ்சு.”

புஷ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபத்தை அங்கேயே விட்டுவிட மனமில்லாமல், சிரிப்பை யாரும் பார்க்கக் கூடாதென்று திருப்பினாள் என்பது நஜ்முதீனின் கணிப்பு.

அப்போது முருகையாவின் கைப்பேசி அடித்தது. மண்டபத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு குடும்பம் வந்து நிற்கிறதாம், வேண்டாம் என்று சொன்னதை மறுத்துக் கையெழுத்துப் போடுவதென்றால் இப்போதே நேரில் வர வேண்டுமாம்.

முருகையா காருக்கு ஓடினார். சாவி கையிலிருந்து விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் கிள்ளான் துறைமுகம் வரை லோரி ஓட்டுவேன் என்கிற மனிதருக்குச் சாவி கையில் நிற்கவில்லை. கல்யாணத்தைத் தன் வாயாலேயே நிறுத்தியவர் அவர்தானே.

புஷ்பா குனிந்து சாவியை எடுத்தாள். “பின்னாடி தட்டு இருக்கு. பத்திரமா மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க.”

அவர் பின் இருக்கையில் ஏறித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

கலாவதியும் நஜ்முதீனும் கண்மணியையும் தீபனையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். முன்னால் போன கார் வாசலைத் தாண்டும்போது ஒரு குதி குதித்தது. சாலைக்கு ஏறியதும் சீராகிவிட்டது. பின் கண்ணாடி வழியாக முருகையாவின் தலை தெரிந்தது. வளைவு வந்தபோதெல்லாம் அது தானும் சாய்ந்தது. ஆற்று மணல் லோரி ஒன்று எதிரே வந்தபோது, அந்த மனிதர் தரையில் எங்கே பிரேக்கைத் தேடி மிதித்திருப்பார் என்று நஜ்முதீனுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

“அத்தை மூணாவது கியர் போட்டுட்டாங்க!” என்று தீபன் கத்தினான், தன் குழந்தை நடந்ததைப் பார்த்த அப்பனைப்போல.

மண்டபத்து வாசலில் இருந்தது ஒரே ஓர் இடம், சாப்பாட்டு லோரிகள் இரண்டுக்கு நடுவில். புஷ்பாவின் கார் அதற்கு நேராக வந்து நின்றுவிட்டது. ரிவர்ஸ் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

பின்கதவு திறந்தது. முருகையா இறங்கினார். தட்டைக் கண்மணியின் கையில் கொடுத்தார். சண்டை போடப் போகிறாரா, இறங்கச் சொல்லப் போகிறாரா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் நேராகக் காரின் பின்பக்கம் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு லோரிகளுக்கும் நடுவில் போய் நின்று, கையைத் தூக்கினார்.

“வரட்டும்... வரட்டும்... வலது ஒடி... இன்னும் ஒடி, பயப்படாதே, இடம் கெடக்கு... நேராக்கு... வரட்டும், வரட்டும்...”

கார் அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தது.

“போதும்!” முருகையா டிக்கியில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு நடந்து போய், ஓட்டுநர் பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்து பிடித்துக்கொண்டார்.

“எறங்கும்மா,” என்றார். “மண்டபக்காரன்கிட்ட நீயே பேசு. நான் பேசினாத்தான் எல்லாம் கெட்டுப்போவுது.”